பேட்டரியைத் திட்டுவதற்கு முன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

"ரீசார்ஜபிள் பேட்டரியெல்லாம் சும்மாங்க, ஆறு மாசம்கூட வராது." இப்படிச் சொல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. வாங்கிய புதிதில் பிள்ளையின் ரிமோட் கார் பறக்கும். கொஞ்ச நாளில், சார்ஜ் போட்டு எடுத்த மறுநாளே தள்ளாட ஆரம்பிக்கும். பிறகு அந்த நாலு செல்லும் சார்ஜரோடு சேர்ந்து டிவி மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். மறுபடி முக்குக் கடைக்கு ஓடி, பென்சில் செல் வாங்கிப் போட்டு, தீர்ந்ததும் குப்பையில் எறிகிற வேலை தொடரும்.

அப்படி இழுப்பறைக்குப் போன செல்களைக் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பெரும்பாலும் செல் சாகவே இல்லை, அதற்கு ஒரு நாளும் முழுச் சாப்பாடு கிடைக்கவில்லை என்பதுதான் தெரியவரும். நிஜமாகவே செத்துப்போன செல்லை எடுத்துப் பார்த்தால், அதைக் கொன்றது கூடவே இலவசமாக வந்த சார்ஜராக இருக்கும். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பட்ஜெட்டில் பெரிய பங்கைச் சார்ஜருக்கு ஒதுக்குங்கள், மிச்சத்தில் செல் வாங்குங்கள். கடையில் நடப்பது தலைகீழ். எல்லோரும் செல்லின் மேல் அச்சிட்ட, கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஹெச் எண்ணைப் பார்க்கிறார்கள். சார்ஜரை அட்டையோடு வந்த உபரிச் சாமானாக நினைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் சார்ஜரை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எழுத்து பொடியாக இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம். அவுட்புட் என்ற இடத்தில் 2.8 வோல்ட், 150 மில்லி ஆம்பியர், இரண்டு என்கிற மாதிரி ஏதாவது போட்டிருக்கிறதா? அப்படியானால் அந்தச் சார்ஜரின் ஜாதகமே உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ட். சார்ஜ் ஆகும்போது 1.4, 1.5 வரை ஏறும். 2.8 என்று போட்டிருந்தால் இரண்டு செல்லை வரிசையாகக் கோத்து ஒரே மின்னோட்டத்தில் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். "இரண்டு அல்லது நான்கு செல் மட்டுமே போடவும், ஒன்றோ மூன்றோ போடக் கூடாது" என்று அட்டையில் எழுதியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்து அந்த 150. இன்றைய டபுள் ஏ செல் ஒன்று சுமார் 2000 எம்ஏஹெச். 150 மில்லி ஆம்பியரில் ஊட்டினால் கணக்குப்படி பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஊட்டுவதெல்லாம் செல்லில் சேமிப்பாகச் சேராது, ஒரு பகுதி சூடாகப் போய்விடும். வழியில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் பதினெட்டு மணி நேரம் வேண்டும். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டு, காலையில் பால் காய்ச்சும்போது எடுத்துவிடுகிறோம். பாதிகூட நிறைந்திருக்காது. "ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன், மத்தியானமே போயிடுச்சு" என்ற புலம்பலின் பின்னால் இருப்பது இந்தச் சாதாரணக் கழித்தல் கணக்கு.

இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. சனிக்கிழமை சொருகிவிட்டு ஊருக்குப் போய், திங்கட்கிழமை வந்து எடுப்பார்கள். அந்தச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், செல் மெல்ல மெல்ல உள்ளே வறண்டுபோகும்.

கொஞ்சம் விலை கூடினால் டைமர் வைத்த சார்ஜர் கிடைக்கும். அது ஏழோ பத்தோ மணி நேரம் கழித்துத் தானாக நின்றுவிடும். கரண்ட் நிற்காத ஊரில் இது ஓரளவு உருப்படி. நம் ஊரில் ராத்திரியில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தால், இவற்றில் பலவற்றுக்குப் பழைய கணக்கு மறந்துவிடும். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து மணி எண்ண ஆரம்பிக்கும். ஏறக்குறைய நிறைந்துவிட்ட செல்லுக்கு மறுபடி முழு டோஸ் கிடைக்கும். பாதி செல்லைப் போட்டாலும் அதே டோஸ்தான். செல்லின் நிலைமையைக் கேட்டறியாமல் கடிகாரத்தை மட்டும் பார்க்கிற சாதனம் அது.

நான் வாங்கச் சொல்வது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிற சார்ஜர். ஏன் என்று புரிய, செல் நிறையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சார்ஜ் ஏறும்வரை மின்சாரத்தின் பெரும்பகுதி வேதிமாற்றத்துக்குச் செலவாகிறது, செல் லேசாகத்தான் வெதுவெதுக்கும். நிறைந்துவிட்டால் வந்து சேரும் மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை. அது பாசிட்டிவ் தகட்டில் ஆக்ஸிஜன் வாயுவை உண்டாக்குகிறது. அந்த வாயு உள்ளுக்குள்ளேயே நெகட்டிவ் தகட்டுக்குப் போய் மறுபடி சேர்ந்துகொள்கிறது. அப்போது நல்ல சூடு வெளிப்படும். சூடு ஏறினால், அதுவரை மெதுவாக ஏறிக்கொண்டிருந்த மின்னழுத்தம் ஒரு சின்ன இறக்கம் காட்டும். எவ்வளவு சின்னது என்றால், வோல்ட்டை ஆயிரம் பங்காக்கி அதில் ஐந்து முதல் பத்துப் பங்கு. நல்ல சார்ஜருக்குள் இருக்கும் சில்லு அந்தச் சரிவைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரிந்ததும் "போதும்" என்று நிறுத்திவிடும். கூடவே செல்லின் சூட்டைப் பார்க்கும் சென்சாரும், எல்லாம் தவறினாலும் நிறுத்த ஒரு டைமரும் இருக்கும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. "மெதுவாகச் சார்ஜ் போட்டால் பேட்டரிக்கு நல்லது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய நிக்கல் கேட்மியம் காலத்தில், பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் பதினாலு பதினாறு மணி நேரம் என்ற கணக்கில், அது சரியான பேச்சு. ஆனால் தானாக நிற்கும் சார்ஜரில் கதை வேறு. மின்னோட்டம் ரொம்பக் குறைவாக இருந்தால் அந்தச் சின்னச் சரிவு தெரியவே தெரியாது. சார்ஜர் அதைத் தவறவிட்டு ஊட்டிக்கொண்டே போகும். 2000 எம்ஏஹெச் டபுள் ஏ செல்லுக்கு 600 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரை, 800 எம்ஏஹெச் ட்ரிபிள் ஏ செல்லுக்கு 300 முதல் 400 வரை என்பது நான் கடைப்பிடிக்கிற அளவு. இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் என்று விளம்பரம் செய்கிற அதிவேகச் சார்ஜர் பக்கம் நான் போவதில்லை. அந்தச் சூட்டில் செல்லின் ஆயுள் கரையும்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்? நாலு குழிக்கும் நாலு தனி விளக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு குழிக்கு ஒரு விளக்கு என்றால் அது ஜோடிச் சார்ஜர், வைத்துவிடுங்கள். ஒற்றைச் செல்லைப் போட்டாலும் சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள். ஆகும் என்றால் ஒவ்வொரு குழிக்கும் தனிச் சுற்று இருக்கிறது. எனிலூப் செல் விற்கிற பானாசோனிக்கிலேயே ஜோடியாகப் போடும் மலிவுச் சார்ஜரும் இருக்கிறது, தனித்தனியாகப் பார்க்கும் சார்ஜரும் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள். திரையில் எண் காட்டுகிற சார்ஜர்கள் இன்னும் மேல். எத்தனை எம்ஏஹெச் உள்ளே போனது, காலி செய்தால் எத்தனை வெளியே வந்தது என்று சொல்லும். நாலைந்து செல் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை. பிள்ளைகள், கேமரா பிளாஷ், மைக் என்று இருபது முப்பது செல் புழங்கும் வீட்டுக்கு வாங்கிய காசு வசூலாகிவிடும்.

இப்போது வரும் சார்ஜர்கள் பல யூஎஸ்பி வயரில் ஓடுகின்றன. வசதிதான். ஆனால் நாலு செல்லை வேகமாகச் சார்ஜ் செய்ய 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள பழைய துளையில் சொருகினால் அரை ஆம்பியர்தான் கிடைக்கும்.

செல்லைப் பற்றியும் பேசிவிடலாம். 2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற வெள்ளைச் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு சான்யோவே பானாசோனிக் வசம் போனது. அதற்கு முன்பு இருந்த ஹைட்ரைடு செல்களுக்கு ஒரு பெரிய குறை: சும்மா வைத்திருந்தாலே ஒழுகும். சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்தால் ஒரு மாதத்தில் கால் பங்கு காணாமல் போயிருக்கும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். எனிலூப் வந்தபோது, 20 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் கழித்தும் 85 சதவீதம் மிச்சமிருக்கும் என்றார்கள். அதன் பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. பெட்டியின் மேல் "ரெடி டு யூஸ்", "ப்ரீ சார்ஜ்டு", "லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்" என்ற வார்த்தைகளில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த வகைதான். வீட்டுக்கு அதைத் தவிர வேறு வாங்காதீர்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ரீசார்ஜபிள் ஒத்துவராது என்ற பழைய பேச்சு ஒழுகுகிற செல் காலத்துப் பேச்சு. ஆனாலும் சுவர்க் கடிகாரத்துக்கு நான் ரீசார்ஜபிள் போடுவதில்லை. ஒரு சாதாரணச் செல்லே அங்கே ஒரு வருடம் ஓடுகிறது. அத்தனை விலையுள்ள செல்லை அங்கே முடக்கி வைப்பது வீண். வாரம் ஒரு முறை தீர்கிற இடத்தில் போட்டால்தான் காசு திரும்பும்: பொம்மை, வயர் இல்லாத மவுஸ், கேம் கன்ட்ரோலர், டார்ச், கேமரா பிளாஷ்.

எம்ஏஹெச் எண்ணில் மயங்க வேண்டாம். டபுள் ஏ அளவுக் குழாய்க்குள் இந்த வேதியியலில் 2800-க்கு மேல் அடைக்க இடமில்லை. ட்ரிபிள் ஏ என்றால் 1100 தாண்டாது. 3600, 4000 என்று கொட்டை எழுத்தில் போட்ட செல்கள் ஆன்லைனிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கின்றன. அந்த எண் மைக்கு ஆன செலவைத் தவிர வேறெதற்கும் சாட்சி இல்லை. தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். உண்மையான டபுள் ஏ ஹைட்ரைடு செல் 25 முதல் 30 கிராம் இருக்கும். 15, 18 கிராம் என்று வந்தால் உள்ளே சரக்கு இல்லை. நிஜமான உயர் கொள்ளளவுச் செல்லுக்கும் ஒரு விலை உண்டு. எனிலூப்பிலேயே சாதாரண வெள்ளைச் செல் குறைந்தது 1900 எம்ஏஹெச், 2100 தடவை சார்ஜ் செய்யலாம் என்கிறார்கள்; கறுப்பு உறை போட்ட ப்ரோ 2500, ஆனால் 500 தடவைதான். பிளாஷ் வைத்துக் கல்யாண வீட்டில் ஓடுகிறவருக்குக் கறுப்பு, குடும்பத்துக்கு வெள்ளை.

"1.5 வோல்ட் போட வேண்டிய இடத்தில் 1.2 போட்டால் ஓடுமா?" இது எப்போதும் வருகிற கேள்வி. அல்கலைன் செல் 1.5-ல் தொடங்கினாலும் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போய் 0.9 வரை வரும். அதன் ஆயுளில் பாதிக்கு மேல் 1.3-க்குக் கீழேதான் கழிகிறது. ஹைட்ரைடு செல் 1.2 பக்கத்திலேயே கடைசிவரை நிற்கும். ஒழுங்காக வடிவமைத்த சாதனம் இரண்டிலும் ஓடும். ஒன்றுதான் சிக்கல்: பேட்டரி அளவு காட்டும் சாதனங்கள் அல்கலைன் கணக்கில் பார்ப்பதால், புதுச் சார்ஜிலேயே பாதி என்று காட்டும், பிறகு நெடுநேரம் அப்படியே நிற்கும்.

இனி ஜோடிக் கணக்கு. போன மாதம் பெரியப்பா போன் செய்தார்.

"தம்பி, பிபி மிஷின் மறுபடி எர்ரர் காட்டுதுடா. செல்லெல்லாம் நேத்துதான் சார்ஜ் போட்டது."

"நாலும் ஒரே கம்பெனிதானா பெரியப்பா?"

"ரெண்டு நீ குடுத்தது. ரெண்டு இங்க டார்ச்லேர்ந்து எடுத்தேன். எல்லாம் ரீசார்ஜ்தான்டா."

போய்ப் பார்த்தேன். இரண்டு வெள்ளைச் செல், கூட உறை உரிந்த இரண்டு பழைய பச்சைச் செல். ஒவ்வொன்றாகத் திரை வைத்த சார்ஜரில் போட்டுக் காலி செய்து அளந்தால் வெள்ளை இரண்டும் 1850-ஐ ஒட்டி வந்தன, பச்சை ஒன்று 700, இன்னொன்று 300-ஐக்கூடத் தொடவில்லை. பிபி மிஷினில் காற்று அடிக்கும் மோட்டார் ஓடும் அந்த அரை நிமிடத்தில் நாலு செல்லும் ஒரே வரிசையில் இழுக்க வேண்டும். 300 செல் முதலில் கைவிடும். ஒரு பக்கம் இளைத்த மாட்டைப் பூட்டிய வண்டி மாதிரி, நல்ல மாடு எத்தனை வலுவாக இருந்தாலும் வண்டி இளைத்த மாட்டின் வேகத்தில்தான் போகும். இன்னும் மோசம் என்னவென்றால், காலியான செல்லின் வழியாக மற்ற மூன்றும் சேர்ந்து மின்சாரத்தைத் தள்ளும். அது முனை மாறித் தலைகீழாகச் சார்ஜ் ஆகும். ஹைட்ரைடு செல்லுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இரண்டு தடவை அப்படி நடந்தால் அந்தச் செல் தேறாது.

பெரியப்பாவுக்கு ஒரே வகை நாலு செல் கொடுத்து, மார்க்கர் பேனாவால் நாலிலும் "பி" என்று எழுதி, பக்கத்தில் மாதமும் வருடமும் போட்டேன். "இந்த நாலும் ஒண்ணாவே இருக்கணும் பெரியப்பா, டார்ச்சுக்குப் போகக் கூடாது" என்றேன். பெரியம்மா உடனே ஒரு பழைய மருந்து டப்பாவை எடுத்து அதற்கென்றே ஒதுக்கிவிட்டார். உங்கள் வீட்டிலும் இதைச் செய்யுங்கள். ஒரே நாளில் வாங்கிய செல்கள் ஒன்றாகப் பயணம் செய்யட்டும், ஒன்றாகச் சார்ஜ் ஆகட்டும். பிபி மிஷின் போன்றவற்றில் கையேட்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அல்கலைன் மட்டும் போடச் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள், உடம்பு விஷயம்.

டார்ச்சை எரியவிட்டு மறந்து, கடைசிச் சொட்டுவரை காலியாக்குவதும் இதே காரணத்தால் கெடுதல். வெளிச்சம் மங்கியதும் எடுத்துவிடுங்கள். ஒரு செல்லை 1 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும், இல்லாட்டி மெமரி வந்துடும்" என்பார்களே, அந்த மெமரி நிக்கல் கேட்மியம் செல்லோடு வந்த பேச்சு. ஹைட்ரைடு செல்லில் அது பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. பாதியில் போடலாம், தேவைப்பட்டபோதெல்லாம் போடலாம். பல மாதம் சும்மா கிடந்து சோம்பிப்போன செல்லுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை காலி செய்து நிறைத்தால் பழைய தெம்பு வரும். சார்ஜரில் "ரெஃப்ரெஷ்" என்று ஒரு பட்டன் இருந்தால் அது அந்த வேலையைத்தான் செய்கிறது.

சில சமயம் நல்ல சார்ஜர் செல்லை ஏற்கவே ஏற்காது. விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டும். செல் ஒரேயடியாகக் காலியாகி மின்னழுத்தம் படுத்திருந்தால் சார்ஜருக்கு அது செல் என்றே தெரியாது. நிறுத்தத் தெரியாத அந்தப் பழைய ஊமைச் சார்ஜருக்கு இருக்கும் ஒரே நல்ல உபயோகம் இதுதான். அதில் பத்து நிமிடம் போட்டு, பக்கத்திலேயே இருந்து எடுத்து, பிறகு நல்ல சார்ஜருக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். மறுபடியும் மறுத்தால் அந்தச் செல்லின் உள்தடை ஏறிவிட்டது, விட்டுவிடலாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை: முழுச் சார்ஜ் போட்டு, ஒரு நாள் சும்மா வைத்து அளந்து பாருங்கள். நல்ல செல் 1.3-க்கு மேல் நிற்கும். ஒரே நாளில் 1.2-க்கு இறங்கியிருந்தால் உள்ளே ஒழுகுகிறது.

நம் ஊரில் இந்தச் செல்களுக்குப் பெரிய எதிரி வெயில்தான். கம்பெனிக்காரர்கள் சொல்லும் எண்களெல்லாம் 20 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் வேலூரிலோ மதுரையிலோ மாடி அறையில் 38, 40 டிகிரி இருக்கும்போது சார்ஜ் சரியாக ஏறாது. ஊட்டுவதில் பெரும்பங்கு சூடாகவே போகும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவே கூடாது என்பது பொது விதி. அதனால் வெயில் காலத்தில் விடியற்காலையில் போடுங்கள். ஃபிரிட்ஜ் மேலேயும், இன்வெர்ட்டர் பக்கத்திலும், டிவிக்குப் பின்னால் உள்ள பொந்திலும் சார்ஜரைச் சொருகாதீர்கள். மூடி உள்ள சார்ஜராக இருந்தால் திறந்து வையுங்கள். மொசைக் தரையின் மேல், ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தால் போதும். சார்ஜ் முடியும் கட்டத்தில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், அந்தச் செல்லையும் அந்தச் சார்ஜரையும் சந்தேகப்படுங்கள்.

வைத்திருக்கும் செல்லை ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் டப்பாவில், நிழலான அலமாரியில், சார்ஜ் உள்ள நிலையில் வைத்தால் போதும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை நிறைத்துவிடுங்கள். சாவிக்கொத்து, சில்லறையோடு பையில் போட வேண்டாம். சில்லறை இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் பை சுட்டுவிடும்.

செய்யவே கூடாத சில விஷயங்கள் உண்டு. சாதாரணச் செல்லையும் அல்கலைன் செல்லையும் சார்ஜரில் போடக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து உறை கிழிந்து, காரத் திரவம் வெளியே வரும். வயர் இல்லாத லேண்ட்லைன் போனின் உள்ளே இருப்பதும் ட்ரிபிள் ஏ ஹைட்ரைடு செல்தான். ஸ்டாண்டில் வைக்கும்போதெல்லாம் சார்ஜ் ஆவதால் அங்கே சாதாரணச் செல்லைப் போட்டுவிடாதீர்கள். ரிமோட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அல்கலைன் ஒழுகியது. கைப்படாமல் செல்லை எடுத்துவிட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் காரம் அடங்கும். பிறகு ஈரம் போக நன்றாகக் காயவிடுங்கள்.

டபுள் ஏ, ட்ரிபிள் ஏ அளவிலேயே இப்போது லித்தியம் செல் வருகிறது, பக்கவாட்டில் யூஎஸ்பி துளையோடு. உள்ளே ஒரு குட்டிச் சுற்று உட்கார்ந்து 1.5 வோல்ட்டைக் கடைசிவரை ஒரே மட்டமாகக் கொடுக்கும். தீர்ந்ததும் சட்டென்று நின்றுவிடும். 1.2-ல் மக்கர் செய்யும் சாதனத்துக்கு இது நல்ல தீர்வு. வாசல் கதவின் டிஜிட்டல் பூட்டுக்கு வேண்டாம். எச்சரிக்கை வராமலே நின்று, நீங்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். ரேடியோவில் போட்டால் அந்தச் சுற்றின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும். இதை ஹைட்ரைடு சார்ஜரில் ஒருபோதும் போடாதீர்கள். 14500 என்று எண் போட்ட இன்னொரு செல்லும் பார்க்க அச்சு அசல் டபுள் ஏ மாதிரியே இருக்கும், ஆனால் அது 3.7 வோல்ட். ரிமோட்டில் போட்டால் ரிமோட் காலி. வாங்கும்போது உறையின் மேல் வோல்ட்டைப் படியுங்கள்.

கொசு பேட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் நம் ஊர்ப் பேட்டரிப் பதிவு ஆகாது. மலிவான கொசு பேட் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரியின் சின்னத் தம்பி. ஹைட்ரைடு செல்லைக் கொஞ்ச நாள் காலியாக வைத்தால் தாங்கும், இது தாங்காது. காலியாகக் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மழைக்காலத்தில் அடித்துத் தீர்த்துவிட்டு, கோடை முழுக்க மூலையில் போட்டுவிட்டு, அடுத்த மழைக்கு எடுத்தால் உயிர் இருக்காது, அது இதனால்தான். பயன்படுத்தாத மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். பெட்டியில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் விடாதீர்கள், பெரும்பாலானவற்றில் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லை. இன்னொன்றும் முக்கியம்: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகப் பிளக்கில் சொருகும் பேட்டுக்குள் வீட்டுக் கரண்ட் அப்படியே ஓடுகிறது. சொருகியிருக்கும்போது பட்டனை அழுத்துவதோ வலையைத் தொடுவதோ உயிரோடு விளையாடுவது. பிள்ளைகளுக்கு எட்டாத பிளக்கில் போடுங்கள். எமர்ஜென்சி லைட்டுக்கும் காலியாக வைக்காதே என்ற அதே விதிதான்.

கடைசியில் உழைத்து ஓய்ந்த செல்களை என்ன செய்வது? 2022 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கையடக்கப் பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை. அதற்கு முன் இருந்த 2001 விதிகள் லெட் ஆசிட் பேட்டரியைப் பற்றி மட்டுமே பேசின. விதி வந்துவிட்டதே தவிர, தெருவுக்குத் தெரு பெட்டி வைக்கும் நிலை இன்னும் வரவில்லை. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் சிலவற்றில் வாங்கிக்கொள்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் பெட்டியும் கூடும். மின்கழிவு சேகரிக்கும் முகாம் உங்கள் வார்டில் நடந்தால் அங்கே கொடுக்கலாம். அதுவரை மூடி உள்ள ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பழைய நிக்கல் கேட்மியம் செல் இருந்தால் அதைத் தனியாக வையுங்கள், கேட்மியம் மண்ணில் இறங்கினால் விஷம். லித்தியம் செல்லின் இரண்டு முனையிலும் செல்லோடேப் ஒட்டிவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும், மிச்சமிருக்கும் சார்ஜ் போதும் தீப்பிடிக்க. கொசு பேட்டின் லெட் ஆசிட் பேட்டரியை இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றும் கடையில் கேட்டுப் பாருங்கள். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் அவர்கள் வாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.